சாய்வு

காலை ஷிப்டில் நான் நிறங்களுக்கு நீதிபதி.
சிப்காட் சாய ஆலையில்
கறுப்பு மூடிக் கருவிக்கடியில் துணித்துண்டை வைப்பேன்.
திரையில் ஓர் எண் வரும்.
ஒன்றுக்குக் கீழே என்றால் பாஸ்.
மேலே என்றால்
நானூறு கிலோ நீலத்தைத் திரும்பக் கொதிக்கவிடச் சொல்லிக்
கையெழுத்துப் போடுவேன்.
பதினோரு வருஷத்தில் ஒருமுறைகூடக் கை நடுங்கியதில்லை.

மாலையில் அதே கை
ஒரு பென்சிலைப் பிடித்தால் போதும்,
வேறு யாருடையதோ ஆகிவிடும்.

முதுநகர்த் துறையில்
ஐஸ் பேக்டரிச் சுவரோரம் உட்கார்ந்து
உப்பனாற்றை வரைகிறேன்.
எதிரே சிங்காரத்தோப்பு.
நடுவில்
டீசலும் வெயிலும் மீன் கழுவிய தண்ணீரும் கலந்து
பெயர் வைக்க முடியாத ஒரு நிறம்.
எங்கள் கேட்லாக்கில் இதற்கு நம்பர் இல்லை.
பழுப்பைக் குழைத்தால் பச்சையாய்த் தெரிகிறது.
பச்சையைக் குழைப்பதற்குள் ஓதம் ஏறிவிடுகிறது.

அதுகூடப் பரவாயில்லை.
அந்தப் படகுதான்.
எப்போது வரைந்தாலும் இடப்பக்கம் சாய்கிறது.
அழிக்கிறேன்.
ஸ்கேல் வைத்து நிமிர்த்துகிறேன்.
நிமிர்ந்த படகு
எல்.கே.ஜி. வகுப்புச் சுவரில் ஒட்டியதுபோல் நிற்கிறது.
தண்ணீர் அதை நம்பவில்லை.

உனக்கெதற்கு இதெல்லாம்
என்று கேட்பது அம்மா இல்லை.
பரந்தாமனும் இல்லை,
அவர் பாவம், பிரேம் போடலாமா என்றுதான் கேட்பார்.
அது என் குரலேதான்.
லேப் ரிப்போர்ட் எழுதுகிற அதே தெளிவு:
ஃபெயில்.
காரணம்: ஆபரேட்டர்.

ஐப்பசியில் பாண்டிக்குப் போனேன்,
கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே ஒரு கண்காட்சிக்கு.
யாரோ ஒருத்தி மூன்றே தீற்றலில்
தண்ணீரை நிற்க வைத்திருந்தாள்.
திரும்பும்போது, பஸ் கன்னியக்கோயில் தாண்டுகையில்,
பையிலிருந்த பிரஷ்களை
எந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று
யோசித்துக்கொண்டு வந்தேன்.
மூன்று வாரம் துறைப்பக்கமே போகவில்லை.

நாலாவது வாரம் போனது
கிழங்கா மீன் வாங்கத்தான்.
பழைய நோட்டு பையிலேயே கிடந்தது.
சில்லறைக்காக அதை எடுத்து வெளியே வைத்தபோது
எத்திராஜ் எட்டிப் பார்த்தார், டீசல் கேனோடு.

'இது நம்ம போட்டுதானே?'
பக்கத்தைத் திருப்பினார்.
ஈரவிரல், ஓரத்தில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டது.
நிமிர்ந்த படகை விட்டுவிட்டு
அடியில் மங்கலாய்க் கிடந்த
அழித்த கோட்டில் விரலை வைத்தார்.
'இது சரியா இருக்கே. ஏன் அழிச்சீங்க?
பாலத்தூண்ல இடிச்சதுலேருந்து
சும்மா கட்டிக் கிடந்தா நாலு விரக்கடை சாயும்.
ஓட்டறப்ப வலப்பக்கம் கல்லு வெச்சுக்குவோம்.'

பாராட்டவில்லை.
இரண்டாம் தடவை பார்க்கவும் இல்லை.
கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் மீனை மறந்துவிட்டேன்.
பக்கம் பக்கமாய்ப் புரட்டினேன்.
ஆவணியில் சாய்ந்திருக்கிறது.
புரட்டாசியில், அவசரத்தில், பஸ் டிக்கெட்டின் பின்புறம்
கிறுக்கியதிலும் சாய்ந்திருக்கிறது,
அதே அளவு, அதே பக்கம்.
கண் பார்த்துக் கை போட்டிருக்கிறது.
நடுவில் அதிகாரிபோல் வந்து
ரப்பரை எடுத்தது நான்.

மறுநாள் ஆலையில் ஒரு நீலம் ஒன்று புள்ளி இரண்டு காட்டியது.
ஃபெயில் போட்டேன். அது சம்பளத்துக்கு.
துறைக்கு வந்ததும் ஸ்கேலைப் பையிலேயே விட்டேன்.
தண்ணீர் இன்னும் தப்பாய்த்தான் வருகிறது.
மூன்று தீற்றல் எனக்கு வராது,
முப்பதாவது ஆகும்போல் இருக்கிறது.
அந்தக் குரலும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.
எழுந்து போ என்று சொல்லவில்லை.
வெளிச்சத்தை மறைக்கிறாய், கொஞ்சம் தள்ளி உட்கார் என்றேன்.

பாதியில் எத்திராஜ் வந்து கயிற்றை அவிழ்த்தார்.
வலப்பக்கம் கல்லை ஏற்றினார்கள்.
நேராகப் போகிறது படகு முகத்துவாரத்துக்கு.
என் தாளில் மட்டும்
சாய்ந்தபடி, இன்னும் கட்டிக் கிடக்கிறது.